கம்பத்தில் கட்டிய காலமும் கேமரா பார்க்கும் காலமும்

கடையில் சாமானைக் கையால் தொடக்கூட முடியாத காலம் ஒன்று இருந்தது. எழுபதுகளில் ராயபுரம் கல்மண்டபத்திலோ திருவொற்றியூர் தேரடியிலோ மளிகை வாங்கியவர்களுக்கு அந்தக் கடைகளின் அமைப்பு மறந்திருக்காது. வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை. பலகைக்குப் பின்னால் கல்லாப்பெட்டியோடு அண்ணாச்சி. அவருக்கும் பின்னால்தான் அரிசி மூட்டை, எண்ணெய் டின், பருப்பு டப்பா எல்லாம். நாம் தெருவில் நின்றபடி சீட்டை நீட்டுவோம். பையன் நிறுத்து, பொட்டலம் மடித்து, சணலால் கட்டிக் கொடுப்பான். கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது மிட்டாய் ஜாடி ஒன்றுதான், அதற்கும் மூடி உண்டு. அப்படிப்பட்ட கடையில் திருடத் தனித் துணிச்சல் வேண்டும்.

துணிக்கடை கொஞ்சம் வேறு. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளில் மெத்தைமேல் புடவைகளைப் பிரித்துப் போடுவார்கள். தீபாவளி நெருக்கடியில் நாலைந்து பேர் சேர்ந்து வந்து உட்கார்ந்து, அலமாரி முழுவதையும் கலைக்கச் சொல்லி, அந்தக் குவியலில் ஒன்றிரண்டைக் காணாமல் செய்துவிடுவது அப்போதே உண்டு. பத்திரிகைகள் இதற்கு வைத்த பெயர் ‘நூதனத் திருட்டு’. இத்தனை ஆண்டாக அதே முறையில் நடப்பது எப்படி நூதனம் ஆகும் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

அகப்பட்டால் என்ன நடக்கும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கடை வாசல் விளக்குக் கம்பம், ஒரு தாம்புக் கயிறு, அப்புறம் தர்ம அடி. என்ன போனது, எவ்வளவு பெறும், உண்மையிலேயே எடுத்தானா என்று தெரியாதவர்கள்கூட சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து ஒன்று வைத்துவிட்டுப் போவார்கள். “இன்னா எடுத்தான்?” என்ற கேள்வி அடித்த பிறகுதான் வரும். கடைசியில் கான்ஸ்டபிள் வருவார், இல்லையென்றால் கடைக்காரரே மனமிரங்கி அவிழ்த்துவிடுவார். பெரும்பாலும் வழக்கு இருக்காது, தாளில் ஒரு வரி இருக்காது. பார்த்தவர்கள் அதை நீதி என்றே நம்பினார்கள்.

அரசாங்கமே அடித்த காலமும் உண்டு. 1864-ஆம் ஆண்டின் கசையடிச் சட்டம் திருட்டுக்குச் சவுக்கடி விதிக்க இடம் தந்தது. சுதந்திர இந்தியா 1955-இல் அந்தத் தண்டனையையே ஒழித்தது. நீதிபதி நினைத்தாலும் திருடனை அடிக்கச் சொல்ல முடியாது என்று ஆகி எழுபது ஆண்டு தாண்டிவிட்டது. நீதிபதிக்கு இல்லாத அந்த அதிகாரத்தைத்தான் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தவர் தனக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டார்.

பொதுமக்களுக்குச் சட்டம் எந்த அதிகாரமும் தரவில்லையா என்றால், தந்தது. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 59-ஆம் பிரிவு, 1973-இல் புதிதாக எழுதியபோது 43-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 40-ஆம் பிரிவு. எண் மாறியது, சாரம் மாறவில்லை. ஜாமீனில் விட முடியாததும், போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடியதுமான குற்றம் ஒன்றை உன் கண்ணெதிரே ஒருவன் செய்தால் அவனைப் பிடிக்கலாம். தாமதிக்காமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். பிடி, ஒப்படை. இந்த இரண்டு சொல்லுக்கு நடுவே வேறு எதையும் செருகச் சட்டம் இடம் வைக்கவில்லை. வடசென்னை அந்த நடு இடத்தில்தான் கம்பத்தை நட்டது.

இதற்கு இந்த வட்டாரத்தின் வாழ்க்கையிலேயே ஒரு காரணம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். இங்கே உடம்பைச் சோதிப்பது அன்றாடம். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் அசோக் லேலண்டாக வளர்ந்தது. 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு. தீப்பெட்டிக்கு விம்கோ, டயருக்கு எம்.ஆர்.எஃப். இப்படிப்பட்ட ஆலைகளின் நிழலில் வளர்ந்த ஊரில், ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது டிபன் பாக்ஸைத் திறந்து காட்டுவதும் கையைத் தூக்கி நிற்பதும் கூச்சப்படுகிற விஷயமாக இருக்கவில்லை. அதற்குச் சட்ட அடிப்படையும் இருந்தது. ஆலையின் வேலை விதிகளான நிலையாணைகளில் எவையெல்லாம் இடம்பெற வேண்டும் என்று 1946-ஆம் ஆண்டின் சட்டம் பட்டியல் போட்டபோது, குறிப்பிட்ட வாயில் வழியாக வருவதையும் சோதனைக்கு உட்படுவதையும் ஒரே வரியில் சேர்த்தது. வேலைக்குச் சேர்ந்தவன் அதற்கு ஒப்புக்கொண்டுதான் சேர்ந்தான்.

துறைமுகத்திலும் அதே கதை, இன்னும் பெரிய அளவில். மூட்டையைக் கொக்கி போட்டு இழுத்த காலத்தில் சாக்கு கிழியும், தானியம் சிந்தும், சிந்தியதைக் கூட்டி அள்ளுவார்கள். சிந்தாததும் சில சமயம் சேர்ந்து போகும். 1969-இல் உருவான மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை துறைமுகக் காவலுக்கு வந்தது, 1983-இல் கண்டெய்னர் முனையம் வந்தது. சரக்கு பூட்டிய பெட்டிக்குள் போனதும் சில்லறைக் களவு குறைந்து, களவும் மொத்த வியாபாரமாகிவிட்டது. 2024 செப்டம்பரில் மடிக்கணினிகள் நிறைந்த ஒரு கண்டெய்னரே சென்னைத் துறைமுகத்திலிருந்து காணாமல் போனது. மதிப்பு சுமார் 35 கோடி ரூபாய். திருவள்ளூர்ப் பக்கம் மீட்டார்கள், சிலரைக் கைது செய்தார்கள். அவர்களை யாரும் கம்பத்தில் கட்டவில்லை. கம்பம் எப்போதும் சோப்புக்கட்டி எடுத்தவனுக்குத்தான்.

ஆலை வாசலில் பழகிய அந்தக் கை கடை வாசலுக்கும் வந்தது. “பையைத் தொற, மடியை ஒதறு” என்று வாடிக்கையாளரிடம் சொல்வது இயல்பாகிவிட்டது. கடைக்கு வருகிறவர் எந்த நிலையாணைக்கும் ஒப்புக்கொண்டு வரவில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

போன பொருளுக்கு யார் ஈடு கட்டுவது என்பது இன்னும் பழைய வழக்கு. கோட்டைக்கு வெளியே கறுப்பர் நகரம் வளர்ந்த நாளில் அதன் காவல் பரம்பரையாகப் பெத்த நாயக்கர் என்ற பதவிக்காரரிடம் இருந்தது. அவர் பெயரில்தான் ஜார்ஜ் டவுனில் பெத்துநாயக்கன்பேட்டை இன்றும் இருக்கிறது. காவலுக்காக அவருக்கு வரியில் பங்கும் நிலமும் உண்டு. அதற்குப் பதிலாக, திருட்டுப் போனால் கண்டுபிடித்துத் தரவேண்டும், முடியாவிட்டால் கைப்பணத்தைப் போட்டு ஈடுசெய்ய வேண்டும். பங்கும் வாங்கினார், நஷ்டமும் ஏற்றார் என்பதால் அதில் ஒரு கணக்கு இருந்தது. இன்று அதே நஷ்டம் மாதச் சம்பளத்துக்கு நிற்கும் விற்பனைப் பெண்ணின் தலையில் ‘ஷார்ட்டேஜ்’ என்ற பெயரில் விழுகிறது. செக்‌ஷனில் இருப்புக் குறைந்தால் அங்கே நிற்பவர்கள் எல்லோர் சம்பளத்திலும் பிடித்தம். 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் தொடங்கி இன்றைய ஊதியச் சட்டத் தொகுப்பு வரை இதற்கு விதி தெளிவாக இருக்கிறது: பொருள் அந்த ஊழியரின் பொறுப்பில் குறிப்பாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், நஷ்டம் அவருடைய கவனக்குறைவால் நேரடியாக வந்திருக்க வேண்டும், அவர் பக்க விளக்கத்தைக் கேட்ட பிறகே பிடிக்கலாம். யாரோ வாடிக்கையாளர் எடுத்துப் போனதற்கு எல்லோரிடமும் பங்கு போட்டுப் பிடிப்பது இதில் எதற்குள்ளும் வராது. ஒரு ஷாம்பு பாட்டிலுக்காக ஊழியர்கள் ஏன் அத்தனை ஆவேசமாகத் துரத்துகிறார்கள் என்று நினைப்பவர்கள் இந்தப் பிடித்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி இன்றைய கடை. பலகையை எடுத்துவிட்டு வாடிக்கையாளரை உள்ளே விட்டது 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் திறந்த பிக்லி விக்லி. சென்னையில் அந்த முறையைப் பரவலாக்கிய ஃபுட்வேர்ல்டின் முதல் கடை 1996-இல் ராஜா அண்ணாமலைபுரத்தில் வந்தது. வடக்கே வர இன்னும் நாளாயிற்று. இப்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நடந்தால், 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததற்குப் பிறகு முளைத்த கண்ணாடிக் கதவுக் கடைகள் வரிசையாகத் தெரிகின்றன. கூடையை எடுத்துக்கொண்டு நாமே உள்ளே போகிறோம், நாமே அள்ளுகிறோம். தலைக்குமேல் கேமரா. 2017-க்குப் பிறகு ‘மூன்றாவது கண்’ என்று சென்னைப் போலீஸ் தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொன்னதில் சின்னக் கடைகளுக்கும் அது வந்துவிட்டது.

இந்த மாற்றத்தில் திருட்டை நிரூபிக்கும் விதமும் மாறியது. பலகைக் கடையில் கை உள்ளே நீண்டாலே தெரிந்துவிடும். தானே எடுக்கும் கடையில் எடுப்பது குற்றமில்லை. கடைக்காரர் சம்மதம் அதற்கு உண்டு. கெட்ட எண்ணத்தோடு எடுத்தாரா என்பதுதான் கேள்வி. கைப்பையில் போட்டுக்கொண்டு பில் போடும் இடத்துக்கு வந்து எடுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள், குழந்தை கையில் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு மறந்துபோகும் தாய்மார்களும் இருக்கிறார்கள். ஆகவே கேஷ் கவுன்டரைத் தாண்டும் வரை கூப்பாடு போடாமல் இருப்பது கடைக்குத்தான் நல்லது.

சட்டத்தில் வந்த பெரிய மாற்றம் 2024 ஜூலை 1-ஆம் தேதி. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவு போய், பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) வந்தது. திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்பது அப்படியே இருக்கிறது. அதோடு புதிதாக ஒரு விலக்கு சேர்ந்தது: பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்து, முதல்முறை தண்டிக்கப்படுபவராக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவை. நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையில் இந்தச் சிறு திருட்டு ஜாமீனில் விடக்கூடியது என்றும், வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாதது என்றும் குறிக்கப்பட்டிருக்கிறது.

இதன் விளைவைக் கடைக்காரர்கள் பலர் இன்னும் உணரவில்லை. 40-ஆம் பிரிவு பொதுமக்களுக்குத் தரும் அதிகாரம் ஜாமீனில் விடமுடியாத குற்றத்துக்கு மட்டும். 200 ரூபாய்க் காபித்தூளுக்கு அது பொருந்துமா? பொருந்தாது என்று வாதாட இப்போது வலுவான இடம் இருக்கிறது. கடை என்பது சொத்தைப் பாதுகாக்கும் கட்டடம், எனவே ஏழாண்டு வரை தண்டனை உள்ள நியாய சன்ஹிதா 305-ஆம் பிரிவில் வரும், அது ஜாமீனில் விடமுடியாதது என்று எதிர்வாதமும் செய்யலாம். வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் அடித்துக்கொள்ள வேண்டிய இந்த விஷயத்தை இரவு ஒன்பது மணிக்குக் கடை மூடும் அவசரத்தில் செக்யூரிட்டி தீர்மானிக்க முடியாது. சந்தேகம் இருக்கும் இடத்தில் ஆளைப் பூட்டி வைப்பவர்தான் ஆபத்தில் மாட்டுகிறார். சட்டவிரோதமாக அடைத்துவைத்தால் அதே சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. பிடிக்க அதிகாரம் உள்ள வழக்கிலும் ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைத்தாக வேண்டும் என்று புதுச் சட்டம் கெடு வைத்துவிட்டது. முன்பு ‘தேவையற்ற தாமதமின்றி’ என்று மட்டும் இருந்தது. ஆறு மணி நேரம் உச்சவரம்பு. அதுவரை குடோனில் உட்கார வைக்க அனுமதி என்று யாரும் அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம்.

‘கண்ணெதிரே’ என்ற சொல்லும் முக்கியம். நேற்றைய கேமரா பதிவைப் பார்த்துவிட்டு இன்று அதே முகம் கடைக்குள் வந்ததும் பாய்ந்து பிடிப்பது அந்தச் சொல்லுக்குள் வராது. பதிவைப் பத்திரப்படுத்திப் புகார் கொடுக்கலாம். பல கடைகளில் பழைய பதிவின்மேல் சில வாரங்களில் புதியது ஏறிவிடும். அதற்குள் தனியே எடுத்து வைக்க வேண்டும். நீதிமன்றத்தில் அது நிற்க, பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் வேண்டும்.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா என்று முதலாளிகள் கேட்பார்கள். வேண்டியதில்லை. தன் சொத்தைக் காக்கும் உரிமை, பழைய சட்டத்தின் தற்காப்பு என்ற அதே கொள்கை, புதுச் சட்டத்திலும் இருக்கிறது. திருடியவர் பொருளோடு தப்பிப்போகும் வரை, அல்லது பொருள் திரும்பக் கிடைக்கும் வரை, அல்லது போலீஸ் வரும் வரை அந்த உரிமை நீடிக்கும். வழிமறிக்கலாம், பொருளைத் திரும்ப வாங்கலாம். தேவைக்கு மேல் ஒரு தள்ளுகூடக் கூடாது. பொருள் கைக்கு வந்த பிறகு விழும் அறை எந்த உரிமையிலும் சேராது, அது வெறும் அடிதடி.

அனுபவமுள்ள ஊழியர்கள் இதையெல்லாம் படிக்காமலே சரியாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். “அக்கா, அந்த பாக்கெட் மட்டும் பில்லுல வரல, ஒரு தடவை கவுன்டர்ல பாத்துடலாமா?” என்று தணிந்த குரலில் கேட்பார்கள். மறந்தவர் நன்றி சொல்வார். எடுத்தவருக்கும் மானத்தோடு திரும்ப வைக்க வழி கிடைக்கும். பத்தில் ஒன்பது விவகாரம் அங்கேயே முடிந்துவிடும்.

முடியாதபோது என்ன? சோதனை போட ஊழியருக்கு அதிகாரம் இல்லை. தனியார் ஒருவர் பிடித்த ஆளைக்கூட, அவரை ஏற்றுக்கொள்ளும் போலீஸ் அதிகாரிதான் சோதிக்கலாம் என்று நடைமுறைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு சொல்கிறது. பெண் என்றால் இன்னொரு பெண், கண்ணியம் குறையாமல். ஸ்டோர் ரூமுக்குள் கூட்டிப்போய்ப் புடவையை உதறச் சொல்வது, திருட்டு வழக்கைவிடப் பெரிய வழக்கைக் கடைமேல் கொண்டுவரும். சீருடை போட்டதால் செக்யூரிட்டிக்கும் கூடுதல் அதிகாரம் வந்துவிடாது. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டத்தின் மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் கேட்கின்றன. வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அதில் எத்தனை மணி கிடைத்திருக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன்.

‘பத்து மடங்கு கட்டு, இல்லாட்டி போலீஸ்’ என்று எழுதி வாங்குவதும் பழைய பழக்கம்தான். பொருளின் விலையைப் பெறலாம். மிரட்டி அதிகம் கறந்தால் அது மிரட்டிப் பணம் பறித்தல், தனிக் குற்றம். உண்மையை ஒப்புக்கொள்ளச் சொல்லியோ பொருளைத் திருப்பித் தரச் சொல்லியோ அடித்தால் ஏழு ஆண்டு வரை சிறை. திருடியவருக்கு மூன்று, அடித்துக் கேட்டவருக்கு ஏழு. கடை முதலாளிகள் கேமரா பலகைக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கை எழுதி மாட்டினால் நன்றாக இருக்கும்.

கம்பத்தின் வேலையை இப்போது கைபேசி செய்கிறது. பிடிபட்டவரை நிற்கவைத்துப் படமெடுத்து வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் போடுவது, முகத்தை அச்சடித்து வாசலில் ஒட்டுவது. கயிறு மாலையில் அவிழ்ந்துவிடும்; படம் அவிழாது. தீர்ப்பு வராத ஒருவரைத் திருடர் என்று ஊருக்கு அறிவிப்பது அவதூறு. பதினெட்டு வயதுக்குள் இருந்தால் அடையாளத்தை வெளியிடுவதே 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். சாக்லேட் எடுத்த பள்ளிச் சிறுவனை லாக்கப்பில் வைக்கப் போலீசுக்கே அனுமதி இல்லை என்னும்போது கடைக்கு என்ன அனுமதி?

யாரைப் பார்த்ததும் ஊழியரின் கண் பின்தொடர்கிறது என்பதும் மாறவில்லை. கசங்கிய புடவை, இடுப்பில் குழந்தை, வேற்றூர்ப் பேச்சு என்றால் உடனே ஒரு பெண் பின்னால் வந்து நிற்பார். 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், நம் ஊர் வழக்கில் ரேகைச் சட்டம், பிறப்பை வைத்தே திருடர் என்று பதிவேட்டில் எழுதிய சட்டம். சென்னை மாகாணம் அதை 1947-இல் ஒழித்தது. கடைகளின் மனப் பதிவேட்டில் அது இன்னும் ஒழியவில்லை.

வேடிக்கை பார்ப்பவரின் கடமை குறித்தும் குழப்பம் அதிகம். எந்தெந்தக் குற்றங்களைப் பற்றிப் பொதுமக்கள் கட்டாயம் தகவல் சொல்ல வேண்டும் என்று சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சாதாரணத் திருட்டு அதில் இல்லை. போலீஸ் அதிகாரி நியாயமாக உதவி கேட்டால் உதவ வேண்டும். கடைக்காரர் கேட்டால் அது உங்கள் விருப்பம். பார்த்ததைச் சாட்சியாகச் சொல்வது நல்ல உதவி. கை ஓங்குவதற்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

கை ஓங்கினால் எங்கே போய் முடியும் என்பதற்கு வெகுதூரம் தேட வேண்டாம். 2018 மே மாதம், எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில், பிள்ளை பிடிப்பவன் என்ற வதந்தியை நம்பி முன்பின் தெரியாத ஒருவரைக் கும்பல் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 22 அன்று கேரளத்தின் அட்டப்பாடியில் மது என்ற பழங்குடி இளைஞர்மேல் விழுந்த சந்தேகம் கடையில் அரிசியும் மசாலாவும் எடுத்தார் என்பது. காட்டுக்குள் தேடிப் பிடித்து, கையைக் கட்டி, அடித்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு முக்காலி என்ற ஊருக்கு நடத்தி வந்தார்கள். கடைசியில் போலீசிடம் ஒப்படைக்கவும் செய்தார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஜீப்பிலேயே உயிர் போனது. ஒப்படைத்தோமே என்ற வாதம் எடுபடவில்லை. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது; 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் எம்.சி. ரோட்டிலும் கடை வைத்திருப்பவர்களிடம் கேட்பது இதுதான்: உங்கள் பகுதிக் காவல் நிலைய எண்ணையும் 112-ஐயும் கல்லாவில் ஒட்டி வையுங்கள், யார் அழைப்பது என்று ஊழியர்களில் ஒருவரை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஷார்ட்டேஜ் பிடித்தத்தை நிறுத்துங்கள். நீங்கள் வெறுமனே அந்த வழியாகப் போகிறவர் என்றால், கூட்டம் கூடியதும் 112-ஐ அழைத்துவிட்டு, போலீஸ் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.